சீட்டும் ஊசியும்

சந்தேகம் நம் வட்டத்தில் மரியாதைக்குரிய சரக்கு. அரசாங்கம், ஸ்தாபனம், நிபுணர் ஆகியோர் சொல்வதை முதல் தடவையிலேயே நம்பாதிருப்பதை எழுத்தாளனின் லட்சணமாகக் கருதி வந்திருக்கிறோம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் சந்தேகம் கொண்டவனுக்கு அதன் பிறகு ஏதேனும் வேலை உண்டா, அல்லது சந்தேகித்ததோடு அவன் கடமை தீர்ந்ததா என்று நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. தடுப்பூசி விஷயத்தில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அங்கே சந்தேகத்தின் விலையைச் சந்தேகிப்பவன் தருவதில்லை. நம்பிக்கையின் விலையையும் நம்புகிறவன் தருவதில்லை. இரண்டையும் தருவது ஒரு குழந்தையின் உடம்பு.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நம் வாசலில் நடந்தது. 1997-இல் காஞ்சிபுரம் என்றும் திருவள்ளூர் என்றும் பிரிக்கப்படும் வரை செங்கல்பட்டு ஜில்லா ஒன்றாகத்தான் இருந்தது. அதன் வடகிழக்கு மூலையில் பழவேற்காடு ஏரியும் குப்பங்களும். காசநோய்த் தடுப்பூசியைப் பற்றி உலகம் இன்று வைத்திருக்கும் அறிவில் கணிசமான பகுதி இந்த ஜில்லாவின் கிராமத்து உடம்புகளிலிருந்து பெறப்பட்டது. நம் இலக்கியத்தில் அதன் சுவடு எதையும் நான் கண்டதில்லை.

பி.சி.ஜி. என்பது கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை ஆண்டுக்கணக்கில் வளர்த்து வலுவிழக்கச் செய்து உண்டாக்கியது. 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், ஆய்வுக்கூடத்தில் அதனோடு வீரியமுள்ள கிருமி கலந்துவிட, எழுபதுக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தன. இந்தியாவில் 1948-இல் மதனப்பள்ளியில் தொடங்கினார்கள். தடுப்பு மருந்து தயாரிக்கக் கிண்டியில் கூடம் வந்தது. 1951-இல் நாடு தழுவிய இயக்கமாயிற்று. 1955-இல் ராஜாஜி, தாம் அதை ஏன் எதிர்க்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். பயன் நிரூபணமாகவில்லை, உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் ஏற்றுவது சரியல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். அதைக் கிழவரின் பிடிவாதம் என்று தள்ளியவர்கள் உண்டு. தீர்க்கதரிசனம் என்று கொண்டாடியவர்களும் உண்டு.

பின்னர் இரு தரப்புக்கும் கையில் சான்று வந்து சேர்ந்தது. பிரிட்டனில் 1950-இல் தொடங்கி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, நோய் ஏறக்குறைய எண்பது சதவீதம் குறைவதாகக் காட்டியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களான ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் செய்த ஆய்வு, பயன் மிகச் சொற்பம் என்றது. ஒரே மருந்து, இரண்டு விடைகள். இந்த நிலையில் வாதத்திறமையால் ஆவது ஒன்றுமில்லை. செய்யக்கூடியது ஒன்றே: நம் மண்ணில், நம் மக்களிடம் எண்ணிப் பார்ப்பது.

1968-இல் அது செங்கல்பட்டு ஜில்லாவில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தியவை. வீடு வீடாகக் கணக்கெடுத்து, 2,80,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஊசியில் மருந்தா வெறும் திரவமா, மருந்தென்றால் கூடுதலான அளவா குறைவான அளவா என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தீர்மானித்தார்கள். ஒருவருடைய ஜாதியோ வயதோ முகவெட்டோ டாக்டரின் கருணையோ அதில் தலையிட முடியாது. போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது; போட்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போய் யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கு எழுபதுகளின் இறுதியில் வெளிவந்தது. நுரையீரல் காசத்திலிருந்து பாதுகாப்பு: சூனியம். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அறவே இல்லை. குழந்தைகளிடம் மட்டும் சொற்பமாக, 27 சதவீத அளவில், அதுவும் சூனியத்தையும் உள்ளடக்கும் பிழை எல்லையோடு.

அப்படியானால் ராஜாஜி சொன்னது சரியா? பலர் இந்த இடத்தில் புன்னகையோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தக்கூடாது என்பது என் கட்சி. சரியான விடையைச் சொல்வது ஒன்று, அதை அறிந்து சொல்வது இன்னொன்று. 1955-இல் செங்கல்பட்டைப் பற்றிய உண்மை யாரிடமும் இல்லை. ராஜாஜியிடமும் இல்லை, அவரை மறுத்தவர்களிடமும் இல்லை. வந்து சேர்ந்த உண்மையின் உருவத்தை இரு தரப்பில் எவரும் கற்பனை செய்திருக்கவும் இல்லை. பெரியவர்களின் நுரையீரலைக் காக்காத அதே மருந்து, பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சலாக வரும் காசத்திலிருந்தும் உடம்பெங்கும் பரவும் காசத்திலிருந்தும் காக்கிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டின. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தையின் இடது தோளில் அந்த ஊசி விழுகிறது. ராஜாஜி அஞ்சிய பெருந்தீங்கு வரவில்லை. அரசாங்கம் வாக்களித்த பெரும்பயனும் வரவில்லை. உண்மை கட்சி கட்டவில்லை.

இதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டியது. இங்கிலாந்தில் எண்பதாக இருந்தது செங்கல்பட்டில் சூனியமானது ஏன்? விஞ்ஞானிகள் பலர் ஏற்கும் விளக்கம், வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசக்கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் மலிந்திருக்கின்றன, அவற்றோடு பழகிப்போன உடம்பில் பி.சி.ஜி. புதிதாகக் கற்றுத்தர ஒன்றுமில்லை என்பது. விளக்கம் எதுவானாலும் ஒன்று தெளிவு. தடுப்பூசியின் பலன் சீசாவுக்குள் மட்டும் இல்லை. சீசாவுக்கும் மண்ணுக்கும் இடையில் இருக்கிறது. வேலூரில் ஜேக்கப் ஜான் எழுபதுகளில் கண்டதும் இது போன்றதுதான். மேல்நாட்டில் மூன்று தவணையில் காரியம் முடித்த போலியோ சொட்டு மருந்து, இங்கே பல குழந்தைகளிடம் மூன்று தவணைக்குப் பிறகும் பிடிக்கவில்லை. இறக்குமதியான முடிவை அப்படியே ஏற்பவனும் பகுத்தறிவுவாதி அல்ல, இறக்குமதி என்பதாலேயே நிராகரிப்பவனும் பகுத்தறிவுவாதி அல்ல.

சீட்டைப் பற்றிச் சொன்னேன். அதிர்ஷ்டத்தின் கையில் மனிதனை ஒப்படைப்பது தர்மமா என்று ஒரு நண்பர் கேட்டார். பதிலுக்குப் பழவேற்காடு போகலாம். அங்கே பட்டினவர் கிராமங்களில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் வரத்துள்ள இடங்களில் யார், என்றைக்கு, எங்கே வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, முறை வைத்து, சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். நல்ல இடத்தைப் பலசாலியே என்றும் வைத்துக்கொள்ள முடியாது. இங்கே சீட்டு சூதாட்டம் அல்ல. ஆசையையும் அதிகாரத்தையும் வெளியே நிறுத்தி வைப்பதற்கு மனிதன் கண்ட மிகப் பழைய உபாயம் அது. செங்கல்பட்டு ஆய்வின் சீட்டும் அதே காரியத்தைத்தான் செய்தது. பாடு வெளியே நிறுத்துவது பலவானை. ஆய்வு வெளியே நிறுத்தியது, மருந்து பலிக்க வேண்டும் என்று விரும்பிய டாக்டரையும் பலிக்கக்கூடாது என்று விரும்பிய எதிர்ப்பாளரையும்.

ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் இரண்டின் குறைகளும் தெரியும். பாட்டில் சீட்டு எடுப்பவனே விதியையும் வகுத்தவன்; இன்று வராத முறை அவனுக்கு நாளை வரும். ஆனால் அது பட்டினவருக்கு மட்டுமே உரியது. அதே ஏரியில் மீன் பிடிக்கும் மற்ற ஜாதியார் அதற்கு வெளியே நிற்கிறார்கள்; அதனால் சச்சரவுகளும் நேர்ந்திருக்கின்றன. செங்கல்பட்டுச் சீட்டு எந்தத் தெருவையும் விலக்கவில்லை, சேரி ஊர் என்று பார்க்கவில்லை. ஆனால் அதன் விதிகள் டெல்லியிலும் ஜெனீவாவிலும் எழுதப்பட்டவை. வெறும் திரவம் விழுந்தவருக்கு அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அவர் பட்ட பாட்டின் பலன் வேறு தேசத்து, வேறு தலைமுறைக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் சீட்டுக்கு, எடுப்பவர்களே விதி வகுக்கும் உரிமையும் இருந்தால் அதுதான் நியாயமான சீட்டு. விஞ்ஞானத்தின் மேல் வைக்க வேண்டிய தார்மீக நிபந்தனை இதுவென்று நினைக்கிறேன். எண்ணாதே என்பது நிபந்தனையாகாது. எண்ணப்படுகிறவனுக்கும் எண்ணிக்கையில் கை இருக்கட்டும் என்பதே நிபந்தனை.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள். மடியில் ஒன்பது மாதக் குழந்தை. தட்டம்மை ஊசிக்கு நாள் குறித்திருந்தார்கள். “ஊசி போட்டா கொயந்தைக்கு ஜொரம் வருது, ராவெல்லாம் அழுவுது. போடலன்னா இன்னா வரும் சார்? எங்க தெருவுல யாருக்கும் அம்மை வரலியே.”

தடுப்பூசியின் தத்துவச் சிக்கல் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. வந்த ஜுரத்துக்கு முகம் உண்டு, இரவு உண்டு, அழுகை உண்டு. வராத நோய்க்கு எதுவும் இல்லை. கண்ட தீங்கையும் காணாத நன்மையையும் ஒரே தராசில் வைக்க எண்ணிக்கையைத் தவிர வேறு படிக்கல் கிடையாது. நான் தெரிந்ததைச் சொன்னேன். இந்த ஊசி போட்டால் நூற்றில் ஐந்து முதல் பதினைந்து குழந்தைகளுக்கு ஒரு வாரம் கழித்து ஜுரம் வரும், போய்விடும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு நேரலாம். அம்மையே வந்தால் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளை வீங்கும்; சத்தில்லாத குழந்தை நிமோனியாவிலும் போகும். தெருவில் அம்மை வராதது, தெருப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டதால்.

அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்போ அதுங்க ஜொரத்துலதான் எங்கொயந்தை நல்லா கீதா?”

நான் படித்த எந்த நீதிநூல் விளக்கத்தையும்விட இது சுருக்கமானது. பிறர் குழந்தையின் சிறு துன்பத்தில் என் குழந்தை நலமாக இருக்கிறது. என் குழந்தையின் சிறு துன்பத்தில் பிறர் குழந்தை நலமாக இருக்கும். தடுப்பூசியை நுகர்பொருளாகப் பார்த்து லாபநஷ்டம் கணக்கிடுகிறவன் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆனால் துன்பம் எப்போதும் சிறியதாக இருப்பதில்லை. போலியோ சொட்டு மருந்தினாலேயே, ஏறக்குறைய 27 லட்சம் தவணைக்கு ஒரு குழந்தை வாதத்தால் முடங்குகிறது. இந்தியாவில் இயற்கைப் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌரா ஜில்லாவில் காணப்பட்ட குழந்தை. 2015 இறுதியில் ஊசி மருந்தைச் சேர்த்தார்கள். 2016-இல் சொட்டு மருந்திலிருந்து ஒரு வகைக் கிருமியை நீக்கினார்கள். பெரிய தீங்கு மறைந்த பிறகு சிறிய தீங்கே பெரிதாகிறது, அதையும் எண்ணித்தான் திருத்த வேண்டும் என்பதை அறிந்து செய்த காரியம் அது. இருந்தும் முடங்கிய அந்த ஒரு குழந்தை இருக்கிறது. லட்சங்களின் நன்மை அதன் காலைத் திருப்பித் தராது. அதற்கு நேர்ந்தது விபத்து என்று கையைக் கழுவுவது பொய். நாம் எல்லோரும் சேர்ந்து போட்ட சீட்டு அதன் மேல் விழுந்தது. ஆகவே கடனும் நம் எல்லோருடையது. பிரிட்டன் 1979-இல் இதற்கென்று சட்டமே இயற்றிப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பணம் போதுமா என்பது வேறு விஷயம். கடன் என்று ஒப்புக்கொண்டது முக்கியம்.

ஒப்புக்கொள்ளாமல் காரியம் சாதிக்க ஒரு குறுக்குவழி எப்போதும் உண்டு. குறளுக்கு உரையெழுதிய எல்லிஸை நமக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரியம்மைக்கான அம்மைப்பால் பசுவிடமிருந்து வரும் தெய்வத்தின் கொடை என்று, பழைய சாஸ்திரத்தின் பாவனையில் அவர் கதை புனைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நோக்கம் நல்லது, மருந்தும் நல்லது. ஆனாலும் அது மோசடி. கேட்பவனை யோசிக்கத் தகுதியற்றவனாக வைத்துக்கொண்டு செய்த உபகாரம். அவன் அடுத்த தடவை பொய்ச் சாஸ்திரத்தோடு வரும் கெட்ட மருந்தையும் குடிப்பான். “ஒரு ஆபத்தும் கிடையாதும்மா” என்று இன்று சொல்லும் சுகாதாரப் பிரச்சாரம் எல்லிஸின் வாரிசு. “எல்லாம் சதி” என்கிற பிரச்சாரமும் அவருடைய வாரிசுதான். இரண்டுமே கதை சொல்லி எண்ணிக்கையிலிருந்து தப்பிக்கின்றன. கதை நம் தொழில் என்பதால் இந்த ஆபத்தை நாம்தான் முதலில் அடையாளம் காண வேண்டும்.

2024-இல் இந்தியாவின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு மறுபடியும் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். 1999-இல் மூடியதாகத் தோன்றிய கேள்வி திறந்திருக்கிறது. இதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த முறை, சீட்டு எப்படிப் போடப்படுகிறது, முன்னால் என்ன விழுந்தது, இப்போது எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது கையை நீட்டுகிறவனுக்கு அவன் பாஷையில் தெரிந்திருக்க வேண்டும். செங்கல்பட்டு ஜில்லாவின் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேர் சந்தேகத்துக்குத் தங்கள் தோளைக் கொடுத்தார்கள். சந்தேகத்தைப் பேச்சோடு வைத்திருக்கும் நாம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. அவர்கள் தோளிலிருந்து வந்த விடையை, நமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், முழுவதுமாகப் படிப்பது அதில் முதல் தவணை.