தோற்க முடியாத சண்டை

முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? புதுச்சேரியின் வில்லியனூரில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். "டைசன் ஒரு குத்து விட்டா ஆள் காலி மாமா" என்பான் இளைஞன். "மொதல்ல அலி மேல கைய வெக்கச் சொல்லுடா, அப்புறம் காலி பண்ணலாம்" என்பார் மாமா. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு அதில் வரும் கபிலனும் வேம்புலியும் இந்தப் பஞ்சாயத்தில் சேர்ந்துகொண்டார்கள். 1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைப் பார்த்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்துவிட்டால், அன்றைக்குத் தீர்ப்பு அவருடையதுதான்.

இந்தச் சண்டையின் விசேஷம், இதில் யாருமே தோற்பதில்லை. அலி தோற்பதில்லை, டைசன் தோற்பதில்லை, பேசுகிறவனும் தோற்பதில்லை. 'நீ சொன்னது தப்பு' என்று காட்டக்கூடிய சாட்சி இனிப் பிறக்கப் போவதும் இல்லை. எந்தச் சாட்சி வந்தாலும் அசையாத நம்பிக்கை உள்ளவனைப் பக்தன் என்கிறோம். அவன் கழுத்தில் தொங்குவது ருத்திராட்சமா, பாக்ஸிங் கிளவுஸா என்பது அப்புறம்.

பக்தனிடம் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்போம். எந்த விதியில் மோதுகிறார்கள்? 1889-ல் ஜான் எல். சல்லிவன் கையுறை இல்லாமல் 75 ரவுண்டு சண்டை போட்டார். 1910-ல் நடந்த ஒரு பெரிய சண்டை (அதற்குப் பின்னால் வருவோம்) 45 ரவுண்டுக்கு ஒப்பந்தமானது. அலி காலத்தில் உலகப் பட்டத்துக்கு 15 ரவுண்டு. 1982-ல் தென்கொரியாவின் கிம் டுக் கூ மேடையில் வாங்கிய அடியால் இறந்த பிறகு அது 12 ஆகக் குறைய ஆரம்பித்தது. 49 சண்டையில் 49-ம் ஜெயித்த ராக்கி மார்சியானோவின் எடை ஏறக்குறைய 84 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, ஒரு படி கீழே குரூசர்வெயிட். இன்றைய டைசன் ஃப்யூரியோ 6 அடி 9 அங்குலம். எந்த விதி, எந்த எடை, எந்த வயது என்று நாம் முடிவு செய்கிற நொடியிலேயே ஜெயிப்பவனையும் முடிவு செய்துவிடுகிறோம். மிச்சமிருப்பது கைதட்டல் மட்டும்.

இரண்டு தலைமுறைகள் நிஜமாகவே மோதிக்கொண்டதும் உண்டு. 1951-ல் 37 வயது ஜோ லூயிஸை மார்சியானோ எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே விழ அடித்தார். 1980 அக்டோபரில் 38 வயது அலி, ஒரு காலத்தில் தன் பயிற்சிக்குத் துணை நின்ற லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ 'போதும்' என்று நிறுத்தினார். அதே ஹோம்ஸ் 1988-ல் 38 வயதில் இளம் டைசனிடம் சாய்ந்தார். 2024 நவம்பரில் 58 வயது டைசன் 27 வயது ஜேக் பாலிடம் தோற்றார். நாலு தடவையும் ஜெயித்தது வயதுதான். பரிசோதனை இவ்வளவு தெளிவாகப் பேசியும் பக்தர்கள் காதில் விழவில்லை. 'அலி அந்த வயசுல இருந்திருந்தா' என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

மனுஷன் பேசினால்தானே பாரபட்சம், இயந்திரத்திடம் கேட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 1967-ல் மர்ரி வோரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களில் 16 பேரைப் பொறுக்கி எடுத்தார். அவர்களுடைய விவரங்களை என்.சி.ஆர். 315 கணினியில் ஏற்றி, வந்த முடிவுகளை உண்மையான சண்டை மாதிரியே வர்ணனையோடு ஒலிபரப்பினார். கடைசியில் ஜாக் டெம்ப்ஸியை மார்சியானோ ஜெயித்தார். அலியோ காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகக் கணினி சொன்னது.

யார் இந்த ஜெஃப்ரீஸ்? 1899 முதல் சாம்பியனாக இருந்தவர். பட்டம் கையில் இருந்தவரை கருப்பினத்தவர் ஒருவரோடும் அதைப் பணயம் வைத்து மோத மாட்டேன் என்று நின்றவர். தோற்காமலே 1905-ல் ஓய்வு பெற்றார். அவர் ஒதுக்கி வைத்த ஜாக் ஜான்சன் 1908-ல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து முதல் கருப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளை அமெரிக்காவுக்குத் தாங்கவில்லை. 'நீ வந்தால்தான் நம் மானம் நிற்கும்' என்று ஜெஃப்ரீஸைக் கெஞ்சிக் கூப்பிட்டது. 1910 ஜூலை 4, நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் ஜெஃப்ரீஸ் விழுந்தார். அன்று இரவு அமெரிக்க ஊர்கள் பலவற்றில் கருப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்களும் போயின.

ஜெஃப்ரீஸின் அந்தத் தோல்விதான் நிஜ மேடை சொன்ன தீர்ப்பு. 57 வருஷம் கழித்து, கற்பனை மேடையில் அதே ஜெஃப்ரீஸ் ஒரு கருப்பின சாம்பியனை வீழ்த்துகிறார். அந்தச் சாம்பியனோ வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக அந்த வருஷம்தான் பட்டத்தையும் உரிமத்தையும் பறிகொடுத்தவர். கணினி சதி செய்ததா? அதற்குச் சதி தெரியாது. அந்தக் காலத்து ஏடுகளும் எழுத்தாளர்களின் அபிப்பிராயங்களும் எதைச் சொல்லித் தந்தனவோ அதைத்தான் திருப்பிச் சொன்னது. வேப்பிலை இல்லாமல் சொன்ன குறி, அவ்வளவுதான். இன்று கைபேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு 'அதுவே சொல்லிடுச்சு' என்கிறவர்களும் இதை ஞாபகம் வைப்பது நல்லது.

ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகக் கணினி சொன்னதற்காக அலி வோரோனர் மீது 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது கடைசியில் ஒரு சினிமாவில் போய் முடிந்தது. 1969-ல் மயாமி ஸ்டூடியோ ஒன்றில் அலியும், 45 வயதில் தலையில் விக் வைத்துக்கொண்டு மார்சியானோவும் அடிப்பது மாதிரி நடித்தார்கள். பல முடிவுகளைப் படம் பிடித்து வைத்தார்கள். எது நிஜ முடிவு என்று தெரியாமலே அந்த ஆகஸ்ட் 31-ல் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் ஜெயித்தார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி ஜெயித்தார். இந்தக் கணினியை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது. வாடிக்கையாளர் யாரோ அவருக்கேற்ற தீர்ப்பு. குறி சொல்கிறவன் காலங்காலமாகச் செய்யும் வேலை இதுதானே?

என் ஆத்திரம் இதற்கும் அடுத்த இடத்தில் இருக்கிறது. அந்த 16 பேரில் இடம் பெற ஒருவன் முதலில் சாம்பியனாக இருக்க வேண்டும். சாம்பியனாக வேண்டுமென்றால் எவனாவது மேடையில் ஏற விட்டிருக்க வேண்டும். பீட்டர் ஜாக்சன் 1891-ல் ஜிம் கார்பெட்டோடு 61 ரவுண்டு நின்றவர்; ஆனால் கருப்பர் என்பதால் அன்றைய சாம்பியன் சல்லிவன் அவருக்குப் பட்டப் போட்டியே தரவில்லை. சாம் லாங்ஃபோர்டுக்கும் ஹாரி வில்ஸுக்கும் கடைசிவரை அந்த வாய்ப்பு வரவில்லை. 1915-ல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 1937-ல் ஜோ லூயிஸ் ஜெயிக்கும் வரை 22 வருஷம் கதவு அடைத்தே கிடந்தது. நடக்கவே முடியாத அலி–டைசன் சண்டைக்கு நமக்குக் கற்பனை பொங்குகிறது. நடந்திருக்க வேண்டிய, நடக்க விடாமல் தடுக்கப்பட்ட டெம்ப்ஸி–வில்ஸ் சண்டைக்கு ஒரு டீக்கடையிலும் ஆள் இல்லை.

'அது வெள்ளைக்காரன் செய்த பாவம், நமக்கென்ன?' என்று கை கழுவுவதற்கு முன் அதே புதுச்சேரியின் பாகூர் வரை வாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, பாகூர் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அங்கிருந்த கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களின் வருவாயை எழுதி வைத்ததைச் சொல்கிறது. பெருமைக்குரிய ஆவணம்தான். உடனே நம்மவர்கள் குத்துச்சண்டை மேடை கட்டிவிடுகிறார்கள்: 'ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடந்ததற்கு ஆதாரம் 1096-லிருந்துதான், நம்ம பாகூர் அதுக்கு 200 வருஷம் பெரிசு. அன்னிக்கு நம்மாளு போட்டிக்குப் போயிருந்தா?'

போயிருந்தால் யார் போயிருப்பான்? வேதம் கற்றோரின் கல்விக்காகக் கொடுத்த கொடை அது. அந்த மூன்று ஊரில் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் சேறு மிதித்து, அந்த வருவாயை விளைவித்தவனின் மகனுக்கு அந்தப் பள்ளியில் என்ன இடம்? அவன் மகளுக்கு? நெல் அவனுடையது, பெருமை வேறொருவருடையது. இன்று அவன் வம்சத்தில் வந்தவனே பெஞ்சில் உட்கார்ந்து 'நம்ம பாகூர்' என்று மார்தட்டுகிறான் என்றால், தன்னை உள்ளே விடாத பள்ளிக்கு ரசிகர் மன்றம் வைக்கிறான் என்று அர்த்தம். 'தகுதி, திறமை' என்று நம்மிடம் நீட்டப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் வோரோனரின் 16 பேர் பட்டியல் மாதிரிதான். உள்ளே வந்தவர்களை மட்டும் எடை போட்டுவிட்டு, எல்லாரையும் எடை போட்டதாகச் சொல்கின்றன. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் பெண்களை ஏற விட்டதே 2012-ல்தான். 'எல்லாக் காலத்திலும் சிறந்தவர்' என்ற பட்டியலில் மனிதகுலத்தின் பாதியைக் காணவில்லை என்று எந்த ரசிகன் கேட்டான்?

'பொழுதுபோக்குக்குப் பேசுவதில் போய் இவ்வளவா?' என்பீர்கள். பேசுங்கள். கற்பனை குற்றமில்லை, விஞ்ஞானியும் 'இப்படி இருந்தால்' என்றுதான் ஆரம்பிக்கிறான். அவன் கற்பனை தோற்கத் தயாராக இருக்கிறது, நம்முடையது தயாராக இல்லை என்பதுதான் வித்தியாசம். எது நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லத் துணியாதவன், பாக்ஸிங்கைப் பற்றிப் பேசினாலும் சாமியைப் பற்றிப் பேசினாலும் சாதியைப் பற்றிப் பேசினாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறான்: எதிராளி இல்லாத மேடையில் தன் கையைத் தானே உயர்த்திக்கொள்கிறான்.

ஆகவே வில்லியனூர், பாகூர் பெஞ்சுகளுக்கு ஒரு புது விதி சொல்கிறேன். அலியா டைசனா என்று பந்தயம் கட்டுங்கள். எந்த ராஜா பெரியவன், எந்தக் காலம் பொற்காலம் என்றும் அடித்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவன் பெயரைச் சொல்வதற்கு முன், அந்த மேடையில் ஏற விடாமல் தடுக்கப்பட்ட ஒருவரின் பெயரையும், தடுத்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாதவனுக்கு அன்றைக்கு டீ கிடையாது. ஒரு மாதம் இப்படிப் பேசிப் பாருங்கள். பழைய சண்டைகளைப் பற்றிய பேச்சு குறைந்து, உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் இன்று எந்தத் தெருப் பிள்ளைகள் விளையாடவில்லை, ஏன் விளையாடவில்லை என்ற பேச்சு தானாக வரும். அந்தச் சண்டைக்கு நிஜமான எதிராளி உண்டு. அதில் தோற்கவும் முடியும், ஜெயிக்கவும் முடியும்.