கயிறு யார் கையில்?

போன மே மாதம் காவேரிப்பட்டினத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மரக்கார் ஜுரம். ஓசூர் கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்குமே, அந்தப் பேக்கிங் பெட்டியின் பைன் பலகைதான் பாடி. பழைய செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டினால் சக்கரம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, அச்சு. திண்ணையிலிருந்து நீளமாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் ரேஸ் ரெடி. தள்ளக் கூடாது, சரிவிலே தானாக ஓட வேண்டும்.

அக்கா பையனின் கார் பாதி வழியிலேயே பலகையை விட்டு இறங்கிச் சாக்கடைப் பக்கம் போனது. மூன்று தடவையும். பையன் முகம் தொங்கிவிட்டது.

நான் ஓசூரில் பத்து வருஷம் லேத் பிடித்தவன். கை சும்மா இருக்குமா? அவன் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். கோணல் அச்சை நிமிர்த்தினேன். ரப்பரை வீசிவிட்டு, வட்டம் பிசகாத மரச் சக்கரம் மாட்டினேன். அடியில் ஒரு ஈயத் துண்டு. உராய்வு குறைய அச்சில் பென்சில் கரித்தூள்.

மறுநாள் எல்லா ரேஸிலும் அதுதான் முதல். "சூப்பர்டா!" என்று கத்தியது நான்தான். அவன் கத்தவில்லை. சாயங்காலம் மெதுவாக வந்து கேட்டான்:

"என் வண்டி எங்க மாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்தது உதவியா, திருட்டா?

இது நம் வீட்டுச் சங்கடம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 'சோப் பாக்ஸ் டெர்பி' என்று ஒரு பந்தயம். பிள்ளைகள் தாங்களே செய்த, என்ஜின் இல்லாத வண்டியில் உட்கார்ந்து சரிவில் இறங்குவார்கள். டான் மர்ஃபி என்பவரின் மகனுக்கு அதில் சேர வயசு போதவில்லை. அதனால் 1953-ல், கலிஃபோர்னியாவில், சின்னச் சாரணர்களுக்காகக் கையளவு பைன் கட்டையில் கார் செய்து ஓட்டும் போட்டியை ஆரம்பித்தார். 'பைன்வுட் டெர்பி' என்று பெயர். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. 'சேர்ந்து' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

1973-ல் அக்ரான் நகரத்தில் நடந்த சோப் பாக்ஸ் டெர்பியில் பதினாலு வயசுப் பையன் ஒருவன் சாம்பியன் ஆனான். அவன் வண்டியின் மூக்கில் மின்காந்தம் ஒளிந்திருந்தது பிறகு தெரியவந்தது. புறப்படும் இடத்தில் வண்டியைத் தடுத்து நிற்கும் இரும்புத் தகடு விழும்போது, காந்தம் வண்டியை முன்னால் இழுத்துவிடும்! பட்டம் பறிபோனது. யோசனை யாருடையது? அவனுடைய அங்கிள்.

படித்தபோது சுருக்கென்றது. நான் காந்தம் வைக்கவில்லைதான். ஆனால் அந்த அங்கிளும் பையன் மேல் இருந்த பிரியத்தில்தானே செய்திருப்பார்?

"அப்போ, பெரியவங்க கையே வைக்கக் கூடாதா சார்?" என்று நீங்கள் கேட்கலாம். குறுந்தொகையின் 61-வது பாட்டில் ஒரு பொம்மை வண்டி வருகிறது. செய்தவன் தச்சன். அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் பிள்ளைகள் கையால் இழுத்துக்கொண்டு போய்ச் சந்தோஷப்படுகிறார்கள். ஆக, பெரியவர் செய்து கொடுப்பது சங்க காலத்திலேயே உண்டு. ஆனால் அந்தத் தச்சன் வண்டியைக் கொடுத்ததோடு சரி. இழுத்தது குழந்தையின் கை. நானோ அவன் தோல்வியைப் பார்க்கச் சகிக்காமல், வண்டியோடு சேர்த்து ஆட்டத்தையும் பிடுங்கிக்கொண்டேன். பள்ளிக்கூட பிராஜெக்ட்டிலிருந்து காலேஜில் எந்த குரூப் என்பது வரை நாம் பிடுங்குவது இப்படித்தான். பிரியம் என்ற பெயரில்.

மறுநாள் குப்பையைக் கிளறி அந்த ரப்பர் சக்கரங்களைத் தேடி எடுத்தேன். புதுப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னடா பண்ணலாம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நீங்க பலகையைப் பிடிச்சுக்குங்க மாமா. நான் அறுக்கறேன்."

கோணலாகத்தான் அறுத்தான். பிடித்துக்கொண்டிருந்தேன்.