புழுதியில் விழுந்த விதை

பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
எசாயா 55:10-11, உரோமையர் 8:18-23, மத்தேயு 13:1-23



ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அது வேறு சீமைக்குச் சொன்ன சொல். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரி விதைப்பு என்றால் அது புரட்டாசிதான். ஆண்டு முழுவதற்கும் 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழையில் பாதிக்குப் பாதி ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றித்தான் நமக்குக் கிடைக்கிறது. அதுவரை காற்றும் புழுதியும் வெயிலும்தான்.

இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு விதைப்பவர் உவமையை வாசிப்பது எனக்கு எப்போதும் ஒரு தனி அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் இதே நற்செய்தி வந்த ஞாயிறன்று, திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். வாழ்நாளெல்லாம் கம்பும் பருத்தியும் போட்டவர். “சாமி, அந்த விதைக்கிறவரு மழைக்கு முன்னாடி வெதச்சாரா, பின்னாடி வெதச்சாரா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மத்தேயு 13ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். வழியோரம் இருக்கிறது, பாறை நிலம் இருக்கிறது, முட்செடி இருக்கிறது, நல்ல நிலம் இருக்கிறது, பறவை இருக்கிறது, சுட்டெரிக்கிற வெயிலும் இருக்கிறது. மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லூக்கா மட்டும் ஈரம் இல்லாமல் பயிர் கருகிற்று என்கிறார். முப்பது முறையாவது அந்தப் பகுதியைப் படித்திருப்பேன். மழை இல்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. மழைக்காகக் காத்திருந்து காத்திருந்து பழகிய ஒரு மனிதருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

அடுத்த முறை அவரைப் பார்த்தபோது, “தெரியலப்பா, நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் சொன்னார்: “எங்களப்போல முன்னாடிதான் வெதச்சிருப்பாரு சாமி. புழுதி வெதப்பு.”

புழுதி விதைப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் பலர் மில்லுக்கும் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போய்விட்டார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். கோடை உழவு முடிந்து மண் பொடிப் பொடியாகக் கிடக்கும். வானத்தில் மேகம் இருக்காது. மழை வர இன்னும் இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும், வராமலும் போகும். அந்தக் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்றிருந்தால், கரிசல் சேறாகிக் காலை வைக்க விடாது. அது ஆறி, ஏர் இறங்குவதற்குள் முதல் மழையின் ஈரம் வீணாகிவிடும். ஆகவே விதை முன்னமே மண்ணுக்குள் இருக்க வேண்டும். மழை விதையைத் தேடி வரும்.

இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் என்னிடம் ஒரே குறையைச் சொல்கிறீர்கள். “தினமும் பைபிள் வாசிக்கிறேன் சாமி, மனசுல ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது.” வாசிக்கும்போது கண்ணீர் வரவில்லை, உள்ளே ஒரு சூடு இல்லை, முடித்துவிட்டு எழுந்தால் என்ன வாசித்தோம் என்பதே மறந்துபோகிறது. அதனால் சிலர் நிறுத்தியும் விட்டீர்கள். மனசுக்குப் பிடித்தபோது வாசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்கள். அன்பானவர்களே, மழையைப் பார்த்த பிறகு விதைக்கலாம் என்பதுதான் அது. மனம் காய்ந்து கிடக்கிற நாளில் வாசிக்கிற ஒரு வரிதான் புழுதி விதைப்பு. அன்று அது முளைக்காது. முளைக்கவும் வேண்டாம். மண்ணுக்குள் இருந்தால் போதும்.

எவ்வளவு ஆழத்தில் போடுவது என்பதிலும் நம் விவசாயிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று விரக்கடை, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். மேலாகப் போட்டால் எறும்பும் குருவியும் எடுத்துக்கொண்டு போகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு: சும்மா ஒரு தூறல் விழும். மேலே கிடக்கிற விதை அதை நம்பி முளைவிடும். அடுத்த மழை வராது. மூன்றாம் நாள் அத்தனையும் கருகிப்போகும். ஆழத்தில் கிடக்கிற விதை அந்தத் தூறலுக்கு ஏமாறாது. மண் நனைந்து ஈரம் கீழே இறங்குகிற மழைக்குத்தான் அது கண் திறக்கும். வார்த்தையைக் கேட்ட உடனே மகிழ்ச்சியோடு ஏற்று, வேரில்லாததால் சிறிது காலமே நிலைப்பவர்கள் என்று ஆண்டவர் இன்று யாரைச் சொல்கிறாரோ, அவர்கள்தான் இந்தத் தூறல் பயிர். தியானக் கூட்டத்துக்குப் போகிறோம். அழுகிறோம். குடியை விட்டுவிட்டேன், தம்பியோடு பேசிவிடுவேன் என்று கையை உயர்த்துகிறோம். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, தூறலும் மழைதான். ஆனால் ஊருக்கு வந்து நாலு நாள் வெயில் பட்டதும் என்ன ஆகிறது என்று உங்கள் மனைவிமார்களுக்குத் தெரியும்.

வேளாண்மைத் துறையினர் சொல்லித்தருகிற இன்னொரு முறையும் இங்கே பலருக்குப் பழக்கம்: விதையைக் கடினப்படுத்துவது. விதையைச் சில மணி நேரம் ஊறவைக்கிறார்கள். முளைவிடுவதற்குள் எடுத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் காயவைக்கிறார்கள். ஊறிக் காய்ந்த விதைக்கு வறட்சியைத் தாங்குகிற பலம் வந்துவிடுகிறது. நம் கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் பக்கம் போகிறபோதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும். காலையில் ஒரு வரியில் ஊற வேண்டும். பிறகு அதை எடுத்துக்கொண்டு பகலுக்குள் போய்க் காய வேண்டும். தறியில், மில்லில், கடையில், நூறு நாள் வேலையில். ஊறுவது மட்டும் போதும் என்று எந்நேரமும் செபத்திலேயே இருக்கிற விதை அழுகிப்போகும். ஊறாமலே காய்கிற விதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பங்கில் ஓர் அப்பத்தா இருக்கிறார். பெயர் சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி நூற்பு மில்லுக்குப் போகிறாள். விடியுமுன் வேன் வந்துவிடும். அந்தப் பிள்ளை தலையைப் பின்னிக்கொண்டே, செல்போனில் அன்றைய நற்செய்தியை எடுத்து வாசிக்க வேண்டும். முழுவதும் வேண்டாம். “ஏ தாயி, ஒரு வரி சொல்லிட்டுப் போ, போதும்” என்பார் அப்பத்தா. இரண்டு ஞாயிறுக்கு முன் என்ன வாசகம் என்று நினைவிருக்கிறதா? தம்மைச் சேர்ந்த சிறியோருள் ஒருவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாலும் அதற்குக் கைம்மாறு உண்டு என்று இயேசு சொன்ன பகுதி. அன்றைக்குப் பேத்தி சொன்ன வரி அதுதான். மறுநாள் காலை அப்பத்தா வீட்டுச் சுவரோரம் வேப்பமர நிழலில் ஒரு மண்பானை உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஈரத் துணி. மேலே ஒரு தட்டு. எவர்சில்வர் டம்ளர் ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தார். கரிமூட்டத்துக்குச் சீமைக் கருவேலம் வெட்டப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். குழாயில் நல்ல தண்ணீர் தினமும் வராத தெரு அது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரில்தான் அந்தப் பானை நிறைகிறது.

போன மாதம் வாரநாள் திருப்பலியில் எலியாவின் கதையை வாசித்தோம். பஞ்ச காலம். சாரிபாத்து ஊர் வாசலில் ஒரு கைம்பெண் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். மகனுக்கும் தனக்கும் கடைசி அடையைச் சுட்டுத் தின்றுவிட்டுச் சாகலாம் என்றுதான் விறகு சேர்க்கிறாள். இறைவாக்கினர் அவளிடம் முதலில் கேட்டது அப்பம் இல்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர். அவள் மறுபேச்சுப் பேசாமல் எடுக்கப் போனாள். இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் விளக்கமும் சொன்னேன். அப்பத்தாவின் பானையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த அதிகாரம் புரிந்தது.

உங்கள் முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பத்தா பானை வைத்த அதே வாரம், ஒரு நாள் மதியம், ஞாயிறு மறையுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வெயிலில் நடந்து வந்த முகம். “இப்ப வேலையா இருக்கேன், சாயங்காலம் வாங்க” என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் வரவில்லை. இறைவார்த்தையைக் கேட்டுவிட்டு அதன்படி நடக்காதவர், கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பால் போனதும் அது எப்படி இருந்தது என்று மறந்துவிடுகிறவரைப் போல என்று யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்த மறதி அன்று என்னுடையது.

முட்செடியைப் பற்றி இந்த ஊரில் பேசுவதற்கு எனக்குத் தயக்கமாகவே இருக்கும். ஆண்டவர் முள் விதையை நெருக்கிவிடுகிறது என்கிறார். நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த முள்தான் சோறு போடுகிறது. வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, தீ வைத்து, இராத்திரியெல்லாம் கண்விழித்து, மூட்டத்தில் எங்கே விரிசல் விட்டுப் புகை கக்குகிறதோ அங்கே ஈரமண்ணை அப்பிக்கொண்டிருக்கிறவர்கள் இந்தக் கோவிலுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். காற்று உள்ளே போய்விட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் மிஞ்சும். உங்கள் கையின் உழைப்பை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அந்த முள் எங்கே வளர்கிறது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உழாமல் போட்ட நிலத்தில். தூர் வாராத வரத்துக்காலில். மழை பெய்தும் கண்மாய் நிறையாமல் போன ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். பெய்த தண்ணீருக்கு வழி இல்லை. விண்ணிலிருந்து இறங்கும் மழை நிலத்தை நனைக்காமல் திரும்புவதில்லை, தம் வாக்கும் அப்படியே என்று ஆண்டவர் எசாயா வழியாக இன்று வாக்களிக்கிறார். அதைக் கேட்கும்போது, மழை ஏமாற்றிய ஆண்டுகள் நினைவுக்கு வந்து மனம் வலிக்கிறவர்கள் இருப்பீர்கள். அந்த வலியோடுதான் படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று பவுலும் எழுதுகிறார். வலிக்கவில்லை என்று நீங்கள் நடிக்கத் தேவையில்லை. வரத்துக்காலை மட்டும் பாருங்கள்.

உலகக் கவலை என்று இயேசு சொல்கிறாரே, நம் தெருக்களில் அதற்கு வாரத் தவணை என்று பெயர். குழுக் கடன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். அந்த வீட்டுப் பெண்ணிடம் போய், கவலையை விட்டு வேதத்தை வாசி அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது. கருவேலத்தைத் தனியாளாக யாரும் வேரோடு பிடுங்கியதில்லை. மேலே வெட்டினால் ஒன்று ஏழாகத் தழைக்கும். ஊர் சேர்ந்தால்தான் தூரோடு வரும். ஆகவே அன்பியக் கூட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். வசனம் வாசித்து, பாட்டுப் பாடி, காப்பி குடித்துக் கலைவதற்கு முன், இந்த வாரம் யார் வீட்டில் தவணை கட்ட முடியவில்லை என்று ஒருவரையொருவர் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். சொல்ல அதைவிட வெட்கமாக இருக்கும். முதல் மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாம் மாதமும் கேளுங்கள்.

வாசிப்பைப் பற்றியும் ஒரு சொல்: மண்டபசாலைப் பக்கத்து நம் சி.எஸ்.ஐ. சகோதரர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் அங்கே வேரூன்றிய காலம் தொட்டு, மறைநூலைக் கையில் எடுத்து வாசிப்பதும் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் ஆவதும் அவர்கள் வீடுகளில் ஒரு பழக்கம். இப்போது நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் மாதா படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. அந்த உறையை இன்றைக்குக் கிழித்துவிடுங்கள்.

புழுதியில் விதைத்த ஒருவரையும் நினைத்துக்கொள்வோம். இங்கிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் போகிற இதே வறண்ட சீமையில்தான் ஓரியூர் இருக்கிறது. நம்மில் பலர் நடந்தே போய்வந்திருக்கிறோம். லிஸ்பனில் அரண்மனைப் பையனாக வளர்ந்த அருளானந்தர் காவி உடுத்து, மரக்கறி உண்டு, மறவர் சீமையில் அலைந்து, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே தலை வெட்டுண்டார். அதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து தம் இயேசு சபைத் தோழருக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை. கரியைக் கரைத்து எழுதினார். நம் கையில் தினமும் ஒட்டுகிற அதே கரி. திருச்சுழிப் பக்கம் மூட்டம் பிரிக்கிற இடத்தில் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறவர்களின் விரல்களைப் பார்க்கும்போது, அந்தக் கடிதம் எழுதிய விரல்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். அவர் சாகும்போது தம் விதைப்பின் பலனை எவ்வளவு பார்த்திருப்பார்? அவருக்குப் புனிதர் பட்டம் 1947இல்தான் வந்தது. 254 ஆண்டு. புழுதிக்குள் அவ்வளவு காலம்.

நாளைக்குத் திங்கள். காலைத் திருப்பலிக்கான முதல் வாசகம் எசாயா முதல் அதிகாரம்; திக்கற்றோருக்கு நீதி வழங்குங்கள், கைம்பெண்ணுக்காக வழக்காடுங்கள் என்கிற பகுதி. நற்செய்தி மத்தேயு பத்தாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. அதே குவளைத் தண்ணீர் மறுபடியும் வருகிறது. விடியுமுன் வேன் வந்துவிடும். பேத்தி தலை பின்னிக்கொண்டே வாசிப்பாள். அப்பத்தா பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரத் துணியைப் பிழிந்து மாற்றிக்கொண்டிருப்பார்.

எழுந்து நிற்போம். நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.