உயர்திணையும் ஓரவஞ்சனையும்

ஒரு சமுதாயம் யார் யாரை மனிதராக மதிக்கிறது என்பதை அதன் மேடைப் பேச்சைக் கொண்டு அறிதல் இயலாது; தெருவில் எழும் சிரிப்பைக் கொண்டே அறிதல் வேண்டும். திருநங்கை ஒருவர் பேருந்தில் ஏறி அமர்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகிறது. வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. அடிபட்டு முறையிடச் சென்ற இடத்திலும் அவருக்கு முதலில் கிடைப்பது ஏளனமாகவே இருப்பதுண்டு. இத்துன்பங்களுக்கு உள்ளாவோர் மனிதர் அல்லரோ என்னும் வினா எழுவது இயல்பே.

இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கணம் பன்னெடுங்காலத்திற்கு முன்பே விடை கூறியுள்ளது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களைத் தொல்காப்பியம் உயர்திணையில் வைத்தது. அதுமட்டுமன்று, தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களையும் அதே நூற்பாவில் உடன் வைத்து எண்ணியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலோ, ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்றும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் என்றும் வகுத்தது. உடலை நோக்காது உள்ளத்தின் விருப்பத்தை நோக்கிப் பால் வகுத்த நுட்பம் வியத்தற்குரியது. ஆயினும் அதே நன்னூல், இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் கொள்ளப்படலாம் என இடம் தந்துவிட்டது. இலக்கணத்தில் புகுந்த அச்சிறு இடைவெளி, வாழ்க்கையில் பெரும் பள்ளமாகிவிட்டது எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் அப்பள்ளத்தை மேலும் ஆழப்படுத்தியது. அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டோர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றுவதும், ஆடுவதும் பாடுவதும் குற்றமாயின. அதற்கு இரண்டாண்டுகள் வரை சிறை விதிக்கலாம். உடுத்திய உடையே குற்றமாகும்போது உடுத்தியவர் எங்ஙனம் மனிதராக நிமிர்ந்து நடப்பார்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த கூவாகத்தில், சித்திரைத் திங்களில் கூத்தாண்டவர் திருவிழா நடைபெறுகிறது. அரவானை மணவாளனாக எண்ணித் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் தாலி அறுத்து வெள்ளையுடுத்திப் புலம்புகின்றனர். அன்று ஊரே திரண்டு நிற்கிறது. விழா முடிந்ததும் அவர்கள் திரும்பிச் செல்வதற்குப் பெற்றோர் வீடு இருக்கிறதா என்று கேட்பார் சிலரே. சடங்கில் இடம் தருவது எளிது. உணவுப் பந்தியில் இடம் தருவதே அரிது.

‘அவர்கள் கைதட்டிப் பொருள் கேட்கிறார்கள், தகாத தொழிலில் ஈடுபடுகிறார்கள், ஆதலால் வெறுக்கப்படுகிறார்கள்’ என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றி வைக்கிறது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண் பெண் என்னும் பிரிவுகளுக்கு வெளியே 4,87,803 பேர் பதிவாயினர். அவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரே. நாட்டின் மொத்த எழுத்தறிவோ 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வீட்டில் அடியும் பள்ளியில் கேலியும் பெற்றுப் பாதியில் வெளியேறும் பிள்ளைக்கு வேலை கிடைப்பதில்லை. எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, எஞ்சிய ஒரே வழியில் சென்றவரைப் பழிப்பது அறமாகாது.

கதவு திறந்தால் நிகழ்வது வேறு என்பதற்குச் சான்றுகள் உண்டு. உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட பிரித்திகா யாசினி, சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடி 2015இல் நீதி பெற்று, 2017இல் தமிழகக் காவல்துறையில் சேர்ந்தார். பரதக்கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் சாதனை புரிந்தோர்க்கே மதிப்பு என்று கொள்வதும் பிழையே. விருது பெறாத ஆணும் பெண்ணும் அச்சமின்றித் தெருவில் நடக்கிறார்கள். திருநங்கைக்கு மட்டும் அதற்கொரு தகுதித் தேர்வு எதற்கு?

தமிழ்நாட்டரசு 2008ஆம் ஆண்டில் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தம் பாலினம் இன்னதெனத் தாமே உணர்ந்து கூறும் உரிமை அவர்களுக்கு உண்டென இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்னூல் கண்ட உண்மைக்கு நீதிமன்றம் வந்து சேர எழுநூறு ஆண்டுகள் கடந்தன. ஆனால் 2019இல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டம், திருநங்கையர்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை மட்டுமே சிறை விதித்தது. அப்பொழுது பெண்ணொருத்தியை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்த அளவு தண்டனையே பத்தாண்டுகள். 1871இல் சேலை உடுத்தியதற்கு இரண்டாண்டு. 2019இல் சேலை உடுத்தியவரைச் சிதைத்ததற்கும் மிகுதியாக இரண்டாண்டு! வலியை அளக்கும் துலாக்கோலில் இத்தகைய ஓரவஞ்சனை இருக்கலாமா?

திருநங்கையரின் வாழ்வு இயற்கைக்கு மாறானது என்று கருதுவோரும் ஒன்றை மறுக்கவியலாது. தனக்கு விளங்காத ஒருவரை அடிக்கும் உரிமையை எந்த அறநூலும் எவருக்கும் வழங்கவில்லை. பிறர் படும் துன்பத்தைத் தன் துன்பமாய்க் கருதச் செய்யாத அறிவினால் பயனில்லை என்பதே வள்ளுவர் நெஞ்சம்.

சட்டம் தெருவைக் காக்கலாம். ஆனால் கொடுமை முளைப்பது வீட்டிலும் வகுப்பறையிலும். நடையிலும் குரலிலும் வேறுபட்ட சிறுவன் ஒருவன் எழுந்து விடை கூறும்போது வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியர் அச்சிரிப்பை நிறுத்தினால், அச்சிறுவன் மறுநாளும் பள்ளிக்கு வருவான். அவரும் சேர்ந்து சிரித்தால், அவர் எத்தனை நூற்பாக்களை விளக்கியிருந்தாலும், உயர்திணை இன்னதென்பதை அவ்வகுப்பு கற்கவில்லை என்பதே பொருள்.