மாண்டாரின் மானம்

2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தை மையமாகக் கொண்டு, மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மது விலக்கப்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், ‘குடிகாரர் ஊர்’ என்று ஊரையே இகழும் உரிமையை நமக்குத் தந்தவர் யார்?

இந்தியச் சட்டம், இறந்தவர்மீது சுமத்தும் பழியையும், உற்றாரைப் புண்படுத்தும் நோக்குடையதாயின், அவதூறாகக் கொள்ளும். இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, பெயருக்குக் கடுந்தீங்கு நேர்ந்ததை அல்லது நேரக்கூடுமென்பதை வழக்காடுபவரே மெய்ப்பிக்கவேண்டும் என்கிறது. கணவனை இழந்த கூலிப்பெண், மகளுக்கு வந்த வரன் திரும்பிப் போனதை எந்த ஏட்டைக் காட்டி மெய்ப்பிப்பாள்?

திருமறை சுமையை இடம்மாற்றி வைக்கிறது. கற்புடைய பெண்டிர்மீது பழி கூறுவோன் நான்கு சாட்சிகளைக் கொணர வேண்டும். இன்றேல் 80 கசையடி. அவன் சாட்சியமும் பின்னர் ஏற்கப்படாது. பழிக்கப்பட்டவள் தன் காயத்தை அளந்து காட்ட வேண்டியதில்லை. புறம்பேசுதலை இறந்த சகோதரனின் ஊனை உண்பதற்கு ஒப்பிட்டதும் அம்மறையே. ‘சொன்னது உண்மைதானே’ என்பது அங்கே விடையாகாது. உண்மையைப் பேசினும் அது புறமே என்றனர் பெருமானார்.

நீதிமன்றம் தீங்கின் அளவைக் கேட்கட்டும். கருணாபுரத்தைப் பற்றி வாய் திறக்குமுன், ‘இதைச் சொல்ல எனக்கு என்ன தேவை?’ என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.