முதுமைக்கு ஒதுக்கிய பணம் யாருடையது?



எண்பதுகளில் சுவிற்சர்லாந்திற்கு வந்து, உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த எம்மவர்கள் பலர் இன்று ஓய்வு வயதைத் தொட்டுவிட்டார்கள். வீடு வளவு இல்லாத பலருக்குச் சொத்தென்று இருப்பது ஒன்றே: 1985 முதல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்ட 'பென்சியோன்ஸ்காசே' என்னும் தொழில் ஓய்வூதிய நிதியம். (அந்தக் 'காசே' எங்கள் காதில் 'காசு' என்று விழுவதும் பொருத்தந்தான்.)

ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கடை தொடங்கி நொடித்துப் போய் நீதிமன்றத்தில் வங்குரோத்து அறிவிக்கிறார். சீட்டு, கைமாற்று, வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்து ஓர் இலட்சம் பிராங் கொடுக்க வேண்டும். முன்னர் சம்பளத்திற்கு வேலை செய்த காலத்தில் சேர்ந்த ஓய்வூதியப் பணமோ ஒன்றரை இலட்சம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் கேட்கிறார்: "என்ர காசு போட்டுது, அவற்ற காசு மட்டும் பத்திரமோ?"

சட்டம் 'ஆம்' என்கிறது. 1889 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டு, வங்குரோத்துச் சட்டத்தின் 92 ஆம் பிரிவின்படி, பெறவேண்டிய காலம் வருமுன் ஓய்வூதிய நிதியத்திலுள்ள உரிமையைக் கடன்காரர் எவரும் பறிக்க முடியாது. 'மூன்றாம் தூண் அ' சேமிப்புக்கும் இதே பாதுகாப்பு உண்டு. சாதாரண வங்கிச் சேமிப்பு, கார், நகை இவற்றுக்கு அது கிடையாது. ஓய்வு வயது வந்து மாதாந்தம் கிடைக்கும் நிதிய ஓய்வூதியத்தில், வாழ்வதற்கு அத்தியாவசியமான தொகைக்கு மேற்பட்டதைப் பிடிக்கலாம். 1948 முதல் உள்ள 'ஆஹாபௌ' முதியோர் ஓய்வூதியத்தில் அதுவும் முடியாது.

இது நீதியா? உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்ததைக் கொடுத்து ஏமாந்தவரின் வயிற்றெரிச்சல் பொய்யானதன்று. ஆயினும் கணக்குப் பார்த்தே பிழைக்கும் எனக்குச் சட்டம் சரியென்றே படுகிறது. அந்தப் பணம் கடை நடத்திய மனிதருக்கு மட்டும் உரியதல்ல. அதில் ஒரு பங்கை முதலாளி போட்டது அவருடைய முதுமைக்காகவே. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் அதில் உரித்துண்டு. விவாகரத்து நேர்ந்தால், திருமண காலத்தில் சேர்ந்ததைச் சட்டம் பொதுவாகப் பாதியாகப் பிரிக்கிறது. எழுபது வயதில் உழைக்க முடியாமல் இருக்கப்போகும் அவரும் ஓர் உரித்தாளர்தான். நாற்பத்தைந்து வயதுக்காரர் பட்ட கடனுக்கு அந்தக் கிழவரின் சோற்றை ஈடுவைக்கலாமா?

எம்மிடையே நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கடன்காரருக்கு முகங்கொடுக்க முடியாமல், சுயதொழில் தொடங்குவதாக எழுதிக்கொடுத்து நிதியப் பணத்தை முழுவதாக எடுத்துவிடுகிறார்கள். கையில் வாங்கியதும் பாதுகாப்புப் போய்விடும். அதன்பின் அது பிடிக்கக்கூடிய வெறுங்காசு. மணமானவருக்கு மனைவியின் அல்லது கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி இப்படி எடுக்க முடியாது. அந்தக் கையொப்பத்தை இட மறுக்கும் பெண்ணை, குடும்ப மானத்தைக் காக்காதவள் என்று பேசுவோர் உளர். என் கணக்கில், அந்த வீட்டில் நிதானம் தவறாமல் நிற்பவர் அவரே.

இனிக் கடன்பட்டவரின் பக்கம். வங்குரோத்து முடிந்தால் கடன் ஒழிந்தது என்று சிலர் நினைப்பது தவறு. தீர்க்கப்படாத தொகைக்குக் கடன் கொடுத்தவரிடம் 'பெர்லுஸ்ற்ஷைன்' என்ற நட்டச் சான்றிதழ் வழங்கப்படும். வட்டி ஓடாது, ஆனால் கடன் இருபது ஆண்டுகள் உயிரோடு இருக்கும். கடன்பட்டவர் புதிதாகச் சொத்துச் சேர்த்திருந்தால் மீண்டும் அறவிடலாம்.

துண்டெழுத்தில்லாமல் கொடுத்தவரின் நிலை வேறு. தன் கோரிக்கையை வங்குரோத்து அலுவலகத்திற்கு அறிவிக்கக் கூச்சப்பட்டு அவர் இருந்துவிடுவார். அவர் கையில் சான்றிதழும் இராது. புதிய சொத்து வேண்டும் என்ற தடை மட்டும் அவருக்கும் பொருந்தும். இவருடைய பணத்தை நினைவில் வைத்திருக்கும் கடமை முழுவதும் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே பாதுகாக்கப்பட்ட பணத்தை இன்று உடைக்க வேண்டாம் என்கிறேன். அறுபத்தைந்தில் ஓய்வூதியம் வரத் தொடங்கியபின், செலவு போக மிஞ்சுவதில் மாதம் ஐம்பது பிராங்கை அந்தச் சீட்டுக்காரரின் கையில் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவரிடம் துண்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும் வேண்டியதில்லை.