வேலி போட்டவர் பொறுப்பு

“ஆமை வெய்யில் தேசத்துப் பிராணிதானே, வெய்யில் அதை என்ன செய்யும்?” என்று இங்கிலாந்தில் ஆமை வளர்க்கும் பிள்ளைகளிடம் நம் பெரியவர்கள் கேட்பதுண்டு.

இங்கே வீடுகளில் வளரும் ஹெர்மன் ஆமை மத்தியதரைக் கடலோரத்தைச் சேர்ந்தது. வெய்யில் அதற்கு அவசியம்தான். புற ஊதாக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகும். இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் ஓடு மெலிந்து கோணிப்போகும். ஆனால் அதற்கு வியர்க்காது. தன் நாட்டில், உச்சி வெய்யில் ஏறியதும் புதருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எவ்வளவு வெய்யில், எவ்வளவு நிழல் என்பதை அதுவே தீர்மானிக்கும். அந்தத் தீர்மானத்தை நாம் வேலி போட்டுப் பறித்துவிட்டோம். பிரியத்தோடு பறித்தாலும், பறித்தவருக்கே அந்தப் பொறுப்பு வந்து சேர்கிறது என்பது என் கருத்து.

பெரிய காரியமில்லை. 2022 ஜூலையில் இந்நாட்டில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. அத்தகைய நாளில் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். வேண்டிய கதிரைத் தடுத்துச் சூட்டை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும். தோட்டத்தில் ஒரு பலகை நிழல், ஆழமில்லாத தட்டில் தண்ணீர், தோண்டிப் புதைய மண், இவை போதும். புற ஊதா விளக்கை மிகக் கிட்டத் தொங்கவிட்டால் கண் புண்ணாகும். இரவில் அணைத்துவிடவும் வேண்டும்.

ஐந்து உறுப்பையும் உள்ளிழுக்கும் ஆமையை வள்ளுவர் அடக்கத்துக்கு உவமையாகச் சொன்னார். அதற்காக, வெய்யிலில் அசையாமல் கிடக்கும் ஆமையைப் பார்த்து “எவ்வளவு சாது!” என்று மெச்சிவிடாதீர்கள். நாயைப்போல் அது முனகாது. வாயில் நுரை தள்ளினால் நிலைமை முற்றிவிட்டது. உடனே நிழலுக்கு எடுத்துப்போய், மிருக வைத்தியரை அழையுங்கள்.